வயதுக்கு ஏற்ற கடை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே, மரம் விற்கும் மரக்காலையை ஒட்டியிருந்த சவப்பெட்டிக் கடையின் முதலாளி அந்த அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் அட்டை. அதில் மூக்குக் கண்ணாடி போட்ட அணில் ஒன்று, தன் உயரத்துக்கு இருந்த நாணயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது.

“யாரு கார்டுங்க இது?”

“எம் பேத்தியோடது,” என்றார் லெட்சுமணன். “காசு இருக்கு. இழுங்க.”

பேத்தி நிலக்ஷி பக்கத்தில் நின்றாள். பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோதுதான் வீட்டில் சாவு விழுந்தது என்பதால் இன்னமும் வெள்ளைச் சீருடையில்தான் இருந்தாள். முதலாளி அட்டையை மெஷினில் வைத்தார். மெஷின் யோசித்தது. பிறகு இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. அதே நேரம் நிலக்ஷியின் கைப்பேசியில் குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு மெட்டு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் நீட்டினாள். லெட்சுமணனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கடைக்காரரே எட்டிப் பார்த்து வாசித்தார்.

“‘இந்தக் கடை உங்கள் வயதுக்கு ஏற்றதல்ல. அம்மாவிடம் அனுமதி கேட்கலாமா?’”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. கிழவரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். “சரியாத்தான் சொல்லுது. இந்த வயசுக்கு இங்க என்ன வேல.”

லெட்சுமணன் அணிலைப் பார்த்தார். அதன் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கடை சுத்தமாக இருந்தது, துப்பவில்லை.

அந்த அணில் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டு, மஞ்சள் டீசேட் போட்ட கொழும்பு வங்கிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பலூன் கட்டினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். காசு எங்கிருந்து வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று ஒருத்தி மைக்கில் கேட்டாள். மலையிலிருந்து என்றது ஒரு சின்னப் பிள்ளை. மஞ்சள் டீசேட்காரி சிரித்து, தலையைத் தடவி, இல்லை கண்ணா, உழைப்பிலிருந்து என்றாள். லெட்சுமணன் வேலி ஓரத்தில் நின்று அதைக் கேட்டார். விடியக்காலை, வரிசை வீடுகளான மூன்று லயத்துச் சனமும் பனியில் கூடையோடு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு வளர்கிற பிள்ளைகளுக்கு, உழைப்பு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். அப்போதே அவருக்குப் பிடிக்கவில்லை. சும்மா பிஸ்கட் தருகிறவனை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை.

ஆனால் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்த மருமகள் ரஜிதாவுக்குப் பிடித்துவிட்டது. போனிலேயே எல்லாம் பதிந்து, மகள் பெயருக்கு அட்டை வரவழைத்தாள். இனி காசு மகள் அட்டைக்கு மட்டும்தான் வரும். சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, புத்தகக் கடை, இந்த மூன்றில் மட்டும்தான் அட்டை ஓடும். கையில் காசாக எடுப்பதென்றாலும் வேறு கடைக்குப் போவதென்றாலும் அவள் அங்கிருந்து ‘சரி’ என்று அமுக்க வேண்டும்.

அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது என்பதும் லெட்சுமணனுக்குத் தெரியும். அவருடைய மகன் சதீஸ்குமார் செய்து வைத்த வேலை அப்படி. அட்டை வருவதற்கு முன்பு காசு அவன் பெயருக்குத்தான் வந்தது, வந்த வேகத்தில் வட்டவளைச் சாராயத் தவறணைக்குப் போனது. அவள் காசைக் குறைத்ததும் அவன் ஒரு நாள் போன் போட்டு, ராக்காயி அத்தை செத்துப்போச்சு என்றான். அவனை வளர்த்த அத்தை, லெட்சுமணனின் அக்கா, பாயில் தூங்கிக்கொண்டிருந்ததைப் படம் பிடித்து அனுப்பினான். பதினொரு வயது மகளைப் பக்கத்தில் நிறுத்தி, “அம்மாயி போயிருச்சும்மா” என்று அழவும் வைத்தான். பிள்ளை அழாது என்று தொடையில் கிள்ளினான் என்பது பிறகுதான் தெரிந்தது. ரஜிதா அந்த வீட்டு மேடம் காலில் விழுந்து இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கி அனுப்பினாள். அடுத்த வாரம் அவள் எதேச்சையாகப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணுவுக்குப் போன் எடுத்தபோது, அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ராக்காயி போனை வாங்கி, “யாரு, ரஜிதாவா, நல்லா இருக்கியா தாயி?” என்று கேட்டாள்.

அதோடு முடிந்தது. லெட்சுமணன் அந்தக் கிழமை முழுக்க மரக்கறித் தோட்டத்துக் குடிசையில் காவல் கிடந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. ரஜிதா அதை நம்பவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தெரியாமல் இருக்குமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மகன் கொழும்புக்குப் போய் ஏதோ ஓட்டலில் வேலைக்கு நின்றான், தீபாவளிக்கு மட்டும் வந்தான். வீட்டுக் காசு அணிலின் கைக்குப் போனது.

இன்று காலை, நிலக்ஷி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போகக் குனிந்தபோது ராக்காயி பதில் சொல்லவில்லை. லெட்சுமணனுக்கு மூத்தவள். ஐம்பது வருடம் கொழுந்து எடுத்தவள். கட்டினவன் விட்டுப் போனபிறகு தம்பியின் காம்பராவுக்கு வந்து, தம்பி பெண்சாதி செத்தபிறகு அவன் பிள்ளையை வளர்த்து, அந்தப் பிள்ளையின் பிள்ளையையும் வளர்த்தவள். லெட்சுமணன் அழவில்லை. வாயைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்தார். பிறகு மரணாதாரச் சங்கத் தலைவர் விஜிதரனுக்கு ஆள் அனுப்பினார்.

தோட்டத்தில் யார் செத்தாலும் சங்கம்தான் பார்க்கும். பெட்டி, கோடித் துணி, தப்படிக்கிற ஆள், குழி வெட்டுகிற ஆள், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாம் சங்கம். மாதாமாதம் வீட்டுக்கு வீடு சந்தா. செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்குச் சம்பளத்திலேயே வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டுப்பட்ட கிழடுகள் உள்ள வீடுகள் கையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். தொடர்ந்து கட்டாவிட்டால் வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டத்தில் கை தூக்கியவர்களில் லெட்சுமணனும் ஒருவர்.

விஜிதரன் வந்தான். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தான். விரல் நுனித் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, கோவிச்சிக்காதீங்க. ஒங்க வீட்டுப் பேரு விழுந்து ரொம்ப நாளாச்சு.”

“என்னா பேசுற நீ? மாசாமாசம் புள்ள கட்டுதே.”

“கட்டலீங்க மாமா. ரெண்டு தடவ ஆள் அனுப்புனேன். தாத்தாகிட்ட சொல்றேன்னு பாப்பா சொல்லுச்சாம்.”

லெட்சுமணன் பேத்தியைப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கேட்டேன் தாத்தா. காசா எடுக்கணும்னா அம்மாதானே ஓகே குடுக்கணும். சங்கத்துக்குன்னு போட்டேன், அம்மா வேணான்னுருச்சி. மறுபடி போட்டேன், அதுக்கும் வேணான்னுருச்சி. அப்புறம் அந்த அணிலு, ‘தேவையா, ஆசையா, யோசி’ன்னு கேட்டுச்சு. சாகுறது தேவையில வருமா, ஆசையில வருமான்னு எனக்குத் தெரியல.”

“கட்டியாச்சான்னு நான் கேட்டேன்ல? கட்டிட்டேன்னுதானே சொன்ன?”

“இல்லன்னா அம்மாவ ஏசுவீங்க.”

ஏசியிருப்பார். அதை அவரால் மறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் அவருடைய கையில் காசு கொடுக்கக்கூடாது என்று மருமகள் போனில் சொன்ன நாளிலிருந்து, அவளுடைய காசில் அவர் ஒரு வெற்றிலைகூடப் போட்டதில்லை. மரக்கறி விற்று வருவது அக்காவின் மாத்திரைக்குப் போனது. சங்கக் காசு வீட்டுக் காசு, அதை வீட்டுக்குச் சம்பாதிப்பவள்தான் கட்ட வேண்டும் என்று அவர் ஒரு பிடிவாதத்தில் இருந்தார். கட்டுகிறாள் என்றும் நம்பினார். யாரையும் நம்பாத ஆள், போயும் போயும் அந்த அணிலை நம்பியிருக்கிறார்.

“சட்டத்த நானா போட்டேன், மாமா? ஒங்களுக்கே தெரியும்,” என்றான் விஜிதரன். “ஒண்ணு செய்யலாம். லயத்துல துண்டு விரிப்போம். ஒரு மணித்தியாலத்துல சேந்துரும்.”

“எங்க அக்காவுக்குத் துண்டு விரிக்கிறதுக்கு நான் இன்னும் சாகல.”

போன வருடம் றொசல்ல ஸ்டேசன் பக்கம் ரயிலில் அடிபட்டுக் கிடந்த, ஊர் பெயர் தெரியாத ஆளுக்குத்தான் கடைசியாகத் துண்டு விரித்தார்கள். லெட்சுமணனும் அதில் ஒரு தாளைப் போட்டார். போட்டுவிட்டு, பாவம், நாதியற்றவன் என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தத் துண்டு தன் வாசலில் விரிந்து, அதில் அம்மாக்கண்ணு முந்தானையை அவிழ்த்துக் காசு போடுவதை நினைத்துப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராக்காயியோடு முப்பது வருடம் பீலித் தண்ணீருக்குச் சண்டை போட்டவள், காலையிலிருந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே சொன்னாள்:

“காசு கார்டுக்குள்ள பத்திரமா இருக்காம். கெழவிதான் தரையில கெடக்குறா.”

அப்படித்தான் தாத்தாவும் பேத்தியும் லயத்துப் பையன் கிஷாந்தின் ஆட்டோவில் ஏறி ஹட்டனுக்கு வந்தார்கள். அட்டையில் காசு இருந்தது. நிறையவே இருந்தது. நிலக்ஷி ஒன்றரை வருடமாக ஐஸ்கிரீம் வாங்காமல், பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்காமல் சேர்த்திருந்தாள். அவளுடைய கைப்பேசியில் உண்டியல் மாதிரி ஒரு படம், அதற்கு மேலே ஒரு விமானம். அம்மா வருகிற டிக்கட்டுக்கு என்று அவளே அதற்குப் பெயர் வைத்திருந்தாள். செலவு செய்யாத ஒவ்வொரு வாரமும் அணில் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. ஆட்டோவில் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “அதுலருந்தே எடுத்துக்குவோம் தாத்தா,” என்றாள். லெட்சுமணன் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு உம் என்றார்.

இப்போது கடையில் நின்றுகொண்டு அவள் அனுமதி கேட்டு அனுப்பினாள். யாருக்கு, எதற்கு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘அம்மாயி செத்துருச்சு. பெட்டி வாங்க.’ பத்து நிமிடம் போயிருக்கும். அந்த மெட்டு மறுபடி வந்தது. திரையில் சிவப்பு.

“அம்மா வேணான்னுருச்சி.”

“பேசு. போன் போடு.”

“மேடம் வீட்டுல இருந்தா பேச ஏலாது தாத்தா. அம்மா குசினியில அடுப்புப் பக்கம் போன ஒளிச்சு வச்சுத்தான் பாக்கும். அமுக்க மட்டுந்தான் ஏலும்.”

போட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, அறுந்தது. பின்னாலேயே ஒரு வரி எழுத்து வந்தது.

“என்னா போட்டிருக்கா?”

“‘அப்பா பக்கத்துல நிக்கிறாரா? கிள்ளுறாரா?’”

கடைக்காரர் தூசி தட்டுவதுபோல மறுபக்கம் திரும்பினார். லெட்சுமணன் வார்னிஷ் அடித்த பெட்டி ஒன்றின் மூடியில் கை வைத்து நின்றார். சாதாரணப் பெட்டிதான். கைப்பிடி தகரம். ராக்காயிக்கு நீளம் சரியாக இருக்கும்.

“முதலாளி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுக்கணும். நாளான்னைக்குக் காசு தாரேன்.”

“பெட்டிய கடனுக்குக் குடுத்துட்டு, சாவு வீட்டு வாசல்ல வந்து நான் எப்பிடிங்க காசு கேக்குறது? என்னைய கல்லால அடிப்பாங்க.” கொஞ்சம் யோசித்து, “நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு, கடை பூட்டு. இன்னைக்குப் பூட்டுற வரைக்கும் இத யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அந்தம்மா அங்கருந்து அமுக்குனா போதும், நானே லொறியில ஏத்தி விடுறேன்.”

திரும்பி வருகிற வழியில், றொசல்ல தாண்டுவதற்குள் அடுத்த வரி வந்தது. கிஷாந்த் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டான், “என்னவாம் பாப்பா?”

“அம்மாயி போட்டோ அனுப்பணுமாம்.”

இறக்கிவிட்டபோது கிஷாந்த் காசு வாங்கவில்லை.

காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு. ஒரே ஜன்னல், அதற்கு வெளியே பனி இறங்கிவிட்டது. குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. பெண்கள் சுவரோரம் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நிலக்ஷி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ராக்காயியின் தலைமாட்டில் நின்று கைப்பேசியைத் தூக்கினாள். யாரோ ஒருத்தி, “ஏ புள்ள, என்னா வேல பாக்குற?” என்று அதட்டினாள்.

“விடுங்க,” என்றார் லெட்சுமணன். “நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

முகத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். எல்லோரும் அந்தச் சின்னச் சாமானைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒப்பாரி வைக்கத் தொடங்கியவள்கூட நிறுத்திவிட்டாள். பதில் உடனே வந்தது. நிலக்ஷி தாத்தாவின் காதில் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

“போன தடவையும் இப்பிடித்தான் கண்ண மூடியிருந்துச்சாம். தூங்குறாங்களாம்.”

“எங்கள எடுத்து அனுப்பு தாயி,” என்றாள் அம்மாக்கண்ணு. குரல் உடைந்திருந்தது. “இத்தன பேரு குந்தி அழுகுறோம்ல.”

“அழுகைய அவ நம்ப மாட்டா,” என்றார் லெட்சுமணன். “போன தடவ அழுதது இவதானே.”

சொல்லிவிட்டு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி, பல்வலிக்குக் கட்டினதுபோலத்தான் இருந்தது. நெற்றிக் காசை யாரும் யாருக்கும் வைக்கலாம். குடிகாரனுக்குக்கூட அது தெரியும். ஒரு மனுஷி செத்துப்போய்விட்டாள் என்பதற்கு எதைக் காட்டுவது? இத்தனை சாவுக்குப் போயிருக்கிறார், இத்தனை பெட்டி தூக்கியிருக்கிறார், இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை. செத்தவர்கள் செத்திருப்பார்கள், ஊர் வந்து நிற்கும், அவ்வளவுதான். குவைத்தில் ஒரு குசினியில் நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டோ பல்லைக் கடித்துக்கொண்டோ, ஒரு விரலைத் தூக்கிவைத்திருக்கிற மருமகளை நினைத்தார். அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடை பூட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விஜிதரன் வாசலில் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். விரிக்கவில்லை. கிழவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று காத்திருந்தான்.

லெட்சுமணன் தரையில் உட்கார்ந்தார். ராக்காயியின் காலடியில், கோடி வராததால் போர்த்தியிருந்த பழைய பெட்சீட்டை மெதுவாக முழங்கால்வரை விலக்கினார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதங்கள் வெளியே வந்தன. அடிப்பாதம் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு. வெடிப்புக்குள் மலை மண். தேய்த்துக் குளித்தாலும் போகாத கறுப்பு. இரண்டு பெருவிரலையும் சேர்த்து, வேட்டிக் கரையில் கிழித்த துணியால் அவர் காலையில் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

“கால எடு,” என்றார். “உசுரோட இருக்கிறவங்களுக்கு இப்பிடிக் கட்ட மாட்டாங்க. எடு.”

நிலக்ஷி குனிந்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. சுவரில் எல்லோருடைய நிழலும் ஒரு தடவை எழுந்து விழுந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஆடிருச்சு தாத்தா. தெளிவா இல்ல. இன்னொன்னு எடுக்குறேன்.”

ஆடியது அவளுடைய கை. லெட்சுமணனுக்கு அது தெரிந்தது. ஆனாலும் அவர் முன்னால் நகர்ந்து, அக்காவின் இரண்டு பாதங்களையும் தன் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.